ஆலையைக் காத்தலும் உழைப்பின் மொழியைக் காத்தலும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், பிரேசர் ஆறு கடலோடு கலக்கும் ஸ்டீவ்ஸ்டன் என்னும் மீனவ ஊரில் 1894இல் கட்டப்பெற்றது ஜார்ஜியா வளைகுடா மீன் ஆலை. சால்மன் மீனைத் தகர டப்பாக்களில் அடைத்து அனுப்பிய இவ்வாலை, 1930இல் அத்தொழிலை நிறுத்தியது. பின்னர் ஹெர்ரிங் மீனிலிருந்து எண்ணெயும் மீன்தூளும் எடுத்து, 1979இல் அதுவும் ஓய்ந்தது. 1994 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. மரக்கட்டடமும் பொறிகளும் காக்கப்பெற்றமை பாராட்டுக்குரியது. ஆயினும் தொழில்மரபு என்பது பொறிகளின் தொகுதி மட்டுமன்று.

அக்கடற்கரை ஆலைகளில் பணிகள் இனவாரியாகப் பகுக்கப்பட்டிருந்தன. மீனை அறுத்தோர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழி வந்த சீனர். கழுவி டப்பாக்களில் நிரப்பியோர் பழங்குடிப் பெண்டிர். படகோட்டி மீன்பிடித்தோருள் சப்பானியர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மீன் அறுக்கும் பொறி சீனர் பலரின் பணியைப் பறித்ததோடு, அவர்களை இழித்துரைக்கும் சொல்லையே தன் பெயராகவும் கொண்டது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிய வழியினரின் ஏறத்தாழ 1,200 படகுகள் அரசால் கைப்பற்றப்பட்டன. இவற்றைச் சொல்லாது பொறியை மட்டும் காட்டின், காண்போர் அதன் விரைவை வியப்பர். அதன் விலையை அறியார்.

இவ்வேறுபட்ட மக்கள் பேசிப் பணியாற்ற உதவிய பொதுமொழிகளுள் ஒன்று சினூக் கலப்புமொழி. 'சால்ட்சக்' என்னும் அதன் சொல் கடலைக் குறிக்கும். 'உப்பு' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் 'நீர்' என்னும் பொருளுடைய பழங்குடிச் சொல்லும் இணைந்து பிறந்தது அது. ஆலையின் சமூக வரலாறு இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது எனலாம்.

ஆற்றுநீரில் ஊன்றிய மரக்கால்களைப் பேணுதலே பெருஞ்செலவுடையது. சொற்களை நூல்களிற் காணலாமே என்பர் சிலர். நூலிலுள்ள சொல் பொருளை உணர்த்தும். அது ஒலித்த இடத்திலேயே கேட்கப்பெறும்போதுதான் உழைத்த கையையும் உணர்த்தும். இழிபெயரை மறைத்தலும் தீர்வன்று. உரிய விளக்கத்தோடு காட்டுதலே வரலாற்று நேர்மை. முதிய தொழிலாளரின் வாய்மொழிப் பதிவு, தொழிற்சொல் தொகுப்பு ஆகியவை கூரையைச் செப்பனிடுதற்கு நிகரான காப்புப்பணியாகக் கொள்ளப்படல் வேண்டும். கூரை ஒழுகினால் மீண்டும் வேயலாம். சொல்லறிந்தோர் மறைந்தபின் மீட்டல் அரிது.