பீடத்துக்கு முன் பேரமா?

சென்ற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தவர்கள் 9 பேர். அதில் 7 பேர் அறுபதைக் கடந்த தாய்மார். மறுநாள் இரவு, அதே ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் வாக்காளர் பட்டியலை விரித்துப் போட்டுக்கொண்டு பத்தரை மணி வரை உட்கார்ந்திருந்தவர்கள் 40 பேருக்குக் குறையாது. இரண்டு தலைக்கணக்கையும் நாமே எண்ணினோம். வெட்கமாக இருந்தது.

திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் சேகரங்களில் நடக்கும் கூத்தை, "எல்லா இடத்திலும் உள்ளதுதானே" என்று இனியும் விட முடியாது. வருஷக்கணக்கில் சங்கக் காணிக்கை கட்டாதவர் பெயருக்குத் திடீரென்று ரசீது போடப்படுகிறது; பணம் கட்டியது அவரல்ல, அணித் தலைவர். ஞாயிறு காலை திருவிருந்தில் அப்பத்தை வாங்க நீளும் கைக்குள் சனி இரவே கவர் திணிக்கப்படுகிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் படியிடுகிறார்கள். இது பாவம். தேர்தல் வியூகம் என்று இதற்கு வேறு பெயர் வைக்காதீர்கள்.

சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கடிந்துகொள்ளும் 1 கொரிந்தியர் 6 ஆம் அதிகாரம் நம் வேதாகமத்திலும்தான் இருக்கிறது. ஆனாலும் 2024 ஏப்ரலில் தென்னிந்தியத் திருச்சபை சினாடின் நிர்வாகத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலைக்கு நாம் போனோம். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு என்ன ஆனது என்பதல்ல இங்கே பேச்சு. அங்கே போய் நின்றோமே, அதுதான்.

நம் முன்னோர் நடந்த வழி வேறு. 1903 இல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னின்றார். அந்நிய நாட்டுப் பணத்தை எதிர்பாராமல், சொந்தக் காசில், சொந்த ஜனத்தை அனுப்பி, தெலுங்கு நாட்டு தோர்னக்கல் வரை ஊழியம் செய்தார்கள். அந்தக் காசு பணக்காரர் கவரில் வந்ததல்ல. எங்கள் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். பஞ்ச வருஷத்திலும் அந்தப் பிடி சிறுத்ததே தவிர நின்றதில்லை. ராத்திரி குடும்ப ஜெபம் முடியாமல் வட்டிலில் சோறு விழாது. இன்று மெம்பர் பதவிக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறது? அவரவர் மனைவி மக்களைக் கேட்டால் தெரியும்.

பணம் கொடுத்தவர்கள் வேட்புமனுவைத் திரும்பப் பெற வேண்டும். வாங்கியவர்கள் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். காணிக்கைப் பையில் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. சகேயு நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான். நாம் கேட்பது வாங்கியதை மட்டும்தான்.

குருவானவர்களே, உங்களுக்கு எல்லாம் தெரியும். யார் எந்த அணி, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்பது வரை தெரியும். இடமாற்றத்துக்குப் பயந்து பிரசங்க பீடத்தில் அதைத் தொடாமல் இறங்கிவருகிறீர்கள். மனந்திரும்பாதவருக்கு அப்பத்தை நீட்டுமுன் தனியே அழைத்துக் கண்டிப்பது உங்கள் வேலை. அதைச் செய்யுங்கள். பேராயர் அவர்கள், ஆலய வளாகத்துக்குள் எந்த அணியும் கூடக் கூடாது என்று இந்த வாரமே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு உபவாச ஜெபம். வேப்பமரத்தடியில் இருந்த அந்த 40 பேரும் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு வந்து சேர வேண்டும்.