மாயரின் நாட்காட்டியும் முன்னோர் கடனும்

"இன்று எந்த நாளின் ஆற்றல்?" என்று கேட்டறிந்த பின்னரே காலைப்பொழுதைத் தொடங்கும் புதுவழக்கம் ஒன்று உலகின் பல நகரங்களில் பரவியிருக்கிறது. நடு அமெரிக்காவின் மாயர் இனத்தார் காத்துவந்த 260 நாள் நாட்காட்டியே இதற்கு அடிப்படை என்கின்றனர். பிறந்த நாளைச் சொன்னால் போதும். அவருக்குரிய சின்னம் எது, வாய்த்த ஆற்றல் எது, எந்நாளில் தொழில் தொடங்கலாம், எந்நாளில் ஓய்ந்திருக்கலாம் என்பவற்றுக்கெல்லாம் விடை கிடைத்துவிடுகிறது. 'முன்னோர் மரபைப் போற்றி வாழ்கிறோம்' என்பது இவர்கள் தரும் விளக்கம். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று. கத்தோலிக்க நம்பிக்கையின் பெயரால் எழும் மறுப்பு ஒருபுறம் இருக்கட்டும். இவ்வழக்கம் அந்த முன்னோருக்கே இழைக்கப்படும் அநீதி என்பதை முதலில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

குவாத்தமாலா மலைநாட்டில் வாழும் கிச்சே மாயர் இந்நாட்காட்டியைச் 'சோல்கிஹ்' என்பர். நாள்களின் ஒழுங்கு என்பது பொருள். நம் பழந்தமிழில் 'எல்' என்னும் சொல் ஞாயிற்றையும் பகலையும் குறிப்பதுபோல, அவர்தம் மொழியில் 'கிஹ்' என்பது ஞாயிற்றையும் நாளையும் ஒருங்கே குறிக்கும். இருபது நாட்பெயர்களும் பதின்மூன்று எண்களும் இணைந்து சுழல, 260 நாள்களில் ஒரு சுற்று நிறைவுறும். இதனைக் காப்பவர் 'அஹ்கிஹ்' எனப்படுவார். ஆசான் ஒருவரிடம் முறைப்படி பயின்று, 'எட்டு பாட்ஸ்' எனும் நாளில் பொறுப்பேற்பது மொமோஸ்தெனாங்கோ ஊரின் மரபு. நம் முள்முருங்கையின் இனத்தைச் சேர்ந்த மரமொன்றின் செவ்விதைகளை எண்ணி நாள் பார்ப்பார். தூபமிட்டு ஊருக்காகவும் உறவினருக்காகவும் மன்றாடுவார்.

அந்நாள்களின் பொருளைச் சற்றே நோக்குங்கள். 'தோஹ்' என்பது பெற்றுக்கொண்டவற்றுக்குக் கடன் செலுத்தும் நாள். 'அஹ்மாக்' என்பது குற்றத்தை உணர்ந்து பொறுத்தருள வேண்டும் நாள். 'மாக்' என்றால் பாவம். 'கமே' என்பது சாவையும் இறந்தோரையும் நினைப்பிக்கும் நாள். யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய், யாருக்குத் தீங்கிழைத்தாய், யாரை மறந்தாய் என்று இவை மனிதனை வினவுகின்றன. 'உன் ஆற்றல் யாது?' என்பது நகரவாசிகள் தாமே சேர்த்துக்கொண்ட கேள்வி. கடனும் குற்றமும் இறந்தோரும் களையப்பட்ட பின் எஞ்சியிருப்பது தன்னலத்திற்குப் பூசிய பழமைச் சாயமே.

இதற்குச் சான்று வேண்டுமா? 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16, 17 நாள்களில் உலகத்தின் ஆற்றல்கள் ஒன்றுகூடுகின்றன என்று அறிவித்துப் பெருந்திரளை ஈர்த்தவர் ஹோசே ஆர்குயெயஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1990-களின் தொடக்கத்தில் அவர் பரப்பிய 'ட்ரீம்ஸ்பெல்' எனும் முறையையே மாயர் நாட்காட்டி என்று எண்ணிப் பலர் பின்பற்றுகின்றனர். அம்முறையில் பிப்ரவரி 29 கணக்கில் சேராது. மலைநாட்டு மாயரோ எந்த நாளையும் விடுவதில்லை. எனவே இருவரின் கணக்கும் ஒத்துப்போவதில்லை. மலைநாட்டு முதியவர் கடன் செலுத்தும் நாள் என்று நெருப்பு மூட்டும்போது, நகரத்து அன்பர் வேறொரு சின்னத்தின் ஆற்றலில் திளைத்துக்கொண்டிருப்பார். முன்னோரைப் போற்றுவோர் அம்முன்னோரின் பேரப்பிள்ளைகளிடம் இன்று எந்த நாள் என்றேனும் கேட்டிருக்க வேண்டாவா?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: 'அவர்தம் நூல்களை எரித்தவர்களுக்கு இதைப் பேச என்ன தகுதி?' கேட்கவேண்டிய கேள்விதான். மாயர் நிலத்தின் வடபகுதியாகிய யுகாத்தானில், மானி என்னும் ஊரில், 1562 ஜூலை 12 அன்று தியேகோ தெ லாந்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி மாயரின் ஓவிய நூல்களைத் தீயிலிட்டார். மக்களை வதைக்கவும் செய்தார். பின்னர் அவரே அங்கு ஆயரானார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாயர் ஓவியச்சுவடிகள் நான்கே. 20-ஆம் நூற்றாண்டிலும் கத்தோலிக்கச் செயலியக்கத்தைச் சேர்ந்த மறைக்கல்வியாளர் பலர் மலைநாட்டு மரபு வழிபாட்டைப் பேய்வழிபாடு என்று சாடினர். அமெரிக்க நாடுகள் கைப்பற்றப்பட்ட காலத்தில் தொல்குடியினர்க்கு எதிராக இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜூலையில் பொலிவியாவில் மன்னிப்புக் கேட்டார். அதை மழுப்ப நமக்கு உரிமையில்லை.

ஆனால் அதே திருச்சபையில் வேறொரு மரபும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சிகாஸ்தெனாங்கோவின் பங்குத்தந்தையாக இருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற தொமினிக்கன் துறவி, கிச்சே மக்களின் 'போப்போல் வூ' என்னும் நூலை அவர்தம் மொழியிலேயே படியெடுத்து, அருகில் இஸ்பானிய மொழிபெயர்ப்பும் எழுதிவைத்தார். மூலச்சுவடி மறைந்தபின் இன்று கிடைக்கும் மிகப் பழைய படி அதுவே. அவர் அந்நூலின் கடவுளரை வணங்கியவர் அல்லர். எனினும் ஒரு மக்களின் நினைவைக் காப்பது தம் பணிக்கு மாறானதென்று அவர் எண்ணவில்லை.

எரித்தலும் விற்றலும் எதிரெதிர்ச் செயல்கள் போலத் தோன்றும். ஒருவனுக்கு மாயர் பேயின் அடிமை. மற்றவனுக்கு ஆற்றலின் ஊற்று. பசியும் நிலமும் கண்ணீரும் உடைய மனிதராக அவர்களைக் காணாமையில் இருவரும் ஒன்றே. முதலாவது தீமையும் பழங்கதையாகிவிடவில்லை. 2020 ஜூனில் பெத்தேன் பகுதியில் மாயர் இனத்து மூலிகை மருத்துவர் ஒருவர் சூனியக்காரர் என்று பழிக்கப்பட்டு எரித்துக் கொல்லப்பட்டார்.

குவாத்தமாலாவின் 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் முடிவுற்றது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று 1999-இல் உண்மை ஆணையம் மதிப்பிட்டது. அது அடையாளங்கண்டோரில் நூற்றுக்கு 83 பேர் மாயர். திருச்சபையின் சார்பில் சாட்சியங்களைத் திரட்டிய ஆயர் ஹுவான் ஹெரார்தி 1998 ஏப்ரல் 24 அன்று அறிக்கையை வெளியிட்டார். 26 அன்று கொல்லப்பட்டார். கிச்சே மறைமாவட்டத்தில் உயிர்நீத்த மூன்று குருக்களும் ஏழு பொதுநிலையினரும் 2021 ஏப்ரலில் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். இன்றும் மறைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புகளுக்குப் பெயர் தேடி, உரியவரிடம் பெற்று, அடக்கம் செய்யக் காத்திருக்கும் மாயர் குடும்பங்கள் உண்டு. முன்னோரை அன்றாட வாழ்வில் போற்றுதல் என்பதன் பொருளை அக்குடும்பங்களிடம் கேட்டறிய வேண்டும். தம் நாட்சின்னத்தைக் கழுத்தில் அணிந்து மகிழ்வோருள் எத்தனை பேருக்கு இந்த எலும்புகளின் செய்தி தெரியும்?

இனி நம்பிக்கை பற்றிய மறுப்பு. காலம் கடவுளின் படைப்பு. அதற்கு நன்றியோடு பதில் தரலாம். அதனிடம் நம் வாழ்வை ஒப்படைக்கலாகாது. நாள்களைப் பார்த்து அஞ்சிய கலாத்தியரைப் பவுலடியார் கடிந்தது இதனால்தான். நாள்குறி, சோதிடம் முதலியவற்றை நம் மறைக்கல்வி நூலின் 2116-ஆம் பத்தி விலக்குவதும் இதனால்தான். மலைநாட்டுக் கத்தோலிக்க மாயர் தம் மரபில் எதைக் கொள்வது, எதை விலக்குவது என்பதை அவர்களும் அவர்தம் ஆயர்களும் ஆய்ந்து தெளியட்டும். அது வாழும் மக்களின் வாழும் வினா. ஆற்றல் தேடி அலைவோருக்கு அந்த வினாவில் பங்கில்லை.

அன்பர்களே, பிறர் நாட்காட்டியைத் தேடி ஒருவன் அலைவதற்குக் காரணம் யாது? தன் வீட்டு நாட்காட்டி ஊமையாகிவிட்டது என்பதே. திருவழிபாட்டு ஆண்டு நமக்கும் உண்டு. காத்திருக்கத் திருவருகைக்காலமும், குற்றத்தை உணரத் தவக்காலமும், இறந்தோருக்காக மன்றாட நவம்பர் மாதமும் அதில் உள்ளன. தவக்காலத்தில் நாம் யாரிடம் மன்னிப்புக் கேட்டோம்? கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றியபின், இறந்தவர் விட்டுச்சென்ற கடனைத் தீர்த்தோமா? அவர் கைவிடாத ஏழை உறவினரைக் கைவிடாதிருந்தோமா? இக்கேள்விகளுக்கு விடை தராமல் முன்னோர் மரபு பேசுவோர், மாயரின் நாட்காட்டியைக் கையில் ஏந்தினாலும் நம் நாட்காட்டியைச் சுவரில் மாட்டினாலும், நாள் எண்ணுகிறார்களேயன்றிக் கடன் தீர்ப்பதில்லை.