கல்வி சாராதவர்களா அவர்கள்?

பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரையாளரும் மாணவரும்தான் நம் கண்முன் வருவார்கள். அங்கே மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். நியமக் கரைசல்களைத் தயாரித்து வைப்பவர், பழுதான நுணுக்குக்காட்டியைத் திருத்துபவர், பட்டறையில் முதன்முறை இயந்திரத்தைத் தொடும் மாணவியின் விரலுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்பவர். அவர்தான் தொழினுட்ப உத்தியோகத்தர். அவரையும் சேர்த்து ‘கல்விசாரா ஊழியர்’ என்கிறோம். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை.

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் எனக்கு, அளவியிலிருந்து ஒரு துளி கூடினாலும் நியமிப்பு பிழைத்துவிடும் என்பது தெரியும். அந்தத் துல்லியத்தைப் புத்தகம் மட்டும் தராது. பக்கத்தில் நின்று செய்து காட்டும் ஒருவர் வேண்டும். அவர் கற்றுத்தருவது கல்வி இல்லையா?

அமெரிக்காவில் விவியன் தோமஸ் என்ற கறுப்பின இளைஞர் வைத்தியராக விரும்பினார். பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930இல் ஆய்வுகூட உதவியாளரானார். இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை முறையை நாய்களில் செய்து பார்த்து உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1944இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, வைத்தியர் பிளாலொக்கின் பின்னால் நின்று வழிகாட்டியவரும் அவரே. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு பிளாலொக், டவுசிக் என்ற இரு வைத்தியர்களின் பெயரே வைக்கப்பட்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் தோமஸுக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது 1976இல்தான்.

நமது நாட்டிலும் 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஜூலை வரை நீடித்தது. அது சரியா பிழையா என்று பேச நான் வரவில்லை. ஒருவர் வேலைக்கு வராதபோதுதானா அவரின் அருமை நமக்குத் தெரிய வேண்டும்?

ஐக்கிய இராச்சியத்தில் 2017இல் ‘தொழினுட்பவியலாளர் உறுதிமொழி’ என்ற ஏற்பாடு ஆரம்பமானது. அதில் கைச்சாத்திடும் பல்கலைக்கழகங்கள், இவர்களின் பணியை அங்கீகரிப்பதாகவும் தொழிலில் முன்னேற வழி செய்வதாகவும் உறுதியளிக்கின்றன. நாமும் அப்படிச் செய்யலாம். ஆய்வுக் கட்டுரையில் உழைத்தவரின் பெயரும் இடம்பெறட்டும். புதிய கருவி வாங்கும்போது அதை இயக்குபவருக்குப் பயிற்சியும் கிடைக்கட்டும். திறமைக்கேற்ற பதவி உயர்வு இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அதைப் படிக்கப்போவதாக மகள் சொன்னால், “ஏன், டொக்டராக ஏலாதா?” என்ற கேள்விதான் பல வீடுகளில் முதலில் எழுகிறது. அந்த டொக்டருக்குச் செய்முறை கற்றுக்கொடுக்கும் ஆய்வுகூடத்தை நடத்துவதும் மதிப்பான தொழில்தான். “எனக்கு அதுதான் விருப்பம்” என்று ஒரு பிள்ளை சொன்னால், உம்மாவும் வாப்பாவும் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். அங்கீகாரம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.