சுவாமிகளின் சுருக்கெழுத்தாளர்

பிரசங்கம் செய்தவருக்கு மாலை போடுகிறோம். தலைமை வகித்தவருக்கும் போடுகிறோம். மேடைக்குக் கீழே ஒரு மூலையில், தலை நிமிராமல் பென்ஸிலை ஓட்டிக்கொண்டிருப்பவரை யாரேனும் கவனித்ததுண்டா? அத்தகைய ஒருவரைப் பற்றி இவ்வாரம் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

சுவாமி விவேகானந்தர் 1893-ல் சிகாகோவில் பேசிய பிறகு, அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் புரிந்தார். கையில் குறிப்பு வைத்துக்கொண்டு பேசும் வழக்கம் அவருக்கில்லை. ஆகையால் முதல் இரண்டு வருஷப் பேச்சுக்களில் பெரும்பாலானவை காற்றோடு போயின. பத்திரிகை நிருபர்கள் தங்களுக்குப் புரிந்த மட்டில் எழுதியவையும், சிஷ்யர்கள் குறித்து வைத்தவையுமே மிஞ்சின. நியூயார்க் அன்பர்கள் விழித்துக்கொண்டு ஒரு சுருக்கெழுத்தாளரை அமர்த்தினார்கள். அவரால் சுவாமிகளின் வேகத்துக்கு ஈடு கொடுக்க இயலவில்லை. பிறகு, 1895 டிசம்பரில், ஜே. ஜே. குட்வின் என்ற ஆங்கிலேய வாலிபர் வந்து சேர்ந்தார். வயது 25. கோர்ட்டு நடவடிக்கைகளை எழுதிப் பழகியவர்.

இது லேசான வித்தையன்று. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் பெயர்பெற்றது ஐஸக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட முறை. அதில் எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை. காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. 'பம்பரம்' என்ற சொல்லின் முதல் பகரத்துக்கு மெல்லிய கோடென்றால், நடுவில் வரும் பகரத்துக்கு அதே கோட்டை அழுத்தி இழுக்க வேண்டும். உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும் உண்டு. ஆனால் அவசரத்தில் அவற்றை வைக்க நேரமேது? சொல்லின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதிக்கொண்டு, பின்னர் சதை பூட்ட வேண்டியதுதான். நாள் கடந்தால் எழுதியவருக்கே விளங்காமற் போகலாம். நடுவே ஒரு சம்ஸ்கிருத சுலோகம் வந்து விழுந்தால்? கோர்ட்டு வழக்குகளையே கேட்டுப் பழகிய செவி என்ன திண்டாடியிருக்கும்!

குட்வின் சளைக்கவில்லை. பேச்சை எழுதிக்கொள்வார்; உடனே டைப் அடித்து அச்சுக்குத் தயார் செய்வார். சிறிது காலத்துக்குள் சம்பளம் வாங்கவும் மறுத்துவிட்டார். லண்டனுக்கும் கூடவே சென்றார். 'ஞான யோகம்' என்று நாம் வாசிக்கும் பிரசங்கங்களிற் பெரும்பகுதி அவருடைய பென்ஸில் வழியே வந்ததுதான்.

1897 ஜனவரியில் சுவாமிகள் கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னைக்கு வந்தபோதும் குட்வின் உடனிருந்தார். ஜனத்திரளும் மேளமும் வரவேற்புப் பத்திரங்களுமான அந்த அமளியில் எங்கே உட்கார்ந்து எழுதினாரோ! ஆனால் எழுதினார். தேசபக்தர்கள் பலர் பிற்காலத்தில் நெஞ்சில் பதித்துக்கொண்ட சென்னைப் பிரசங்கங்கள் அவ்விதமே நமக்குக் கிடைத்தன.

அடுத்த வருஷம் சென்னைப் பத்திரிகையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1898 ஜூன் 2-ந் தேதி உதகமண்டலத்தில் விஷ ஜுரத்தால் காலமானார். அப்போது வயது 27. அல்மோராவில் இருந்த சுவாமிகளுக்குச் செய்தி எட்டியது. அவர் குட்வினின் நினைவாக ஒரு கவிதை இயற்றி, இங்கிலாந்திலிருந்த தாயாருக்கு அனுப்பிவைத்தார். உதகையில் செயிண்ட் தாமஸ் தேவாலயத்தை அடுத்த மயானத்தில் குட்வினின் கல்லறை இருக்கிறது. கோடையில் ஏரி பார்க்கப் போகும் நேயர்கள் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம், தூரம் அதிகமில்லை.