கடைசி வாரத்து பி.காம்

ப்ளஸ் டூ முடிவு வந்து, எந்த கோர்ஸில் சேர்வது என்ற பேச்சு எழும் வீடுகளில் ஓர் ஆறுதல் வார்த்தை தவறாமல் வந்து விழும். “பி.காம்தானே? பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால உட்கார்ந்தாப் போதும்.” வீட்டில் சித்தப்பா சொன்னதைக் கல்லூரியில் சீனியர் உறுதிப்படுத்துவார். ஜெராக்ஸ் கடையில் ‘இம்பார்டன்ட் கொஸ்டின்’ தாள் கிடைக்கும். பொறியியலுக்கு மூளை வேண்டும், மருத்துவத்துக்குத் தவம் வேண்டும், வணிகவியலுக்கு மனப்பாடம் போதும் என்று நாமாகவே ஒரு வரிசை கட்டி வைத்திருக்கிறோம்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்த நம்பிக்கை என்றோ செத்திருக்கும். அப்படிப் படித்தும் பாஸ் ஆகிவிட முடிகிறது. அதுதான் அதற்கு உயிர் கொடுக்கிறது. பல கல்லூரிகளில் இன்டர்னலுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிந்து கிடக்கிறது. பழைய வினாத்தாளின் கணக்கே எண் மட்டும் மாறித் திரும்பி வருகிற இடங்களில், விடையின் வடிவத்தை நெட்டுருப் போட்டவர் கரையேறிவிடுகிறார். அரியர் இல்லாமல் மூன்று வருடத்தை ஓட்டியவர்களும் உண்டு.

அவர்களில் ஒருவர் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். “புது மெஷின் வாங்கி, லாரியில ஏத்திக் கொண்டு வர 3,000 ரூபாய் வண்டிக்கூலி ஆச்சு. எந்தக் கணக்கில போடுவீங்க?” என்று கேட்கிறார்கள். மனப்பாடம் உடனே கை தூக்கும்: கேரேஜ் இன்வர்ட்ஸ், டிரேடிங் அக்கவுண்டில் டெபிட். தவறு. விற்பதற்காக வாங்கிய சரக்குக்குத்தான் அந்தப் பதிவு. வைத்து உழைக்கப்போகும் மெஷினைக் கொண்டுவந்து சேர்த்த கூலி அந்த மெஷினின் விலையோடு சேர வேண்டும். இதைத் தப்பாகப் போட்டால் லாபமும் குறைந்து தெரியும், சொத்தும் குறைந்து தெரியும். இதில் வேடிக்கை, அப்படித் தப்பாகப் போட்டாலும் ட்ரயல் பேலன்ஸ் அச்சு அசலாக டேலி ஆகும். பற்றும் வரவும் சமமாக நிற்பதால் புத்தகத்தில் ஒரு முணுமுணுப்பும் எழாது.

முதலாண்டு மாணவர் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான். டேலி ஆவது சரியாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. பதியாமலே விட்டது, இனம் மாற்றிப் பதிந்தது, ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொண்ட இரண்டு பிழைகள், இவை எதுவும் ட்ரயல் பேலன்ஸின் கண்ணில் படாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் புத்தகங்களும் டேலி ஆகித்தான் இருந்தன. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்ளும் வரை, இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் ஆண்டுதோறும் கச்சிதமாகச் சமன் ஆயின. தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது. வடிவத்தை மட்டும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்?

கடைசி வாரப் படிப்பு தருகிற ‘புரிஞ்சிடுச்சு’ என்ற உணர்வும் இதே ரகம்தான். ரெட்டி-மூர்த்தி எழுதிய கணக்கியல் பாடப்புத்தகத்தைத் திறந்து, போட்டுக்காட்டிய கணக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனால் எல்லாமே நியாயமாகத் தோன்றும். பக்கத்து வீட்டு வாசலில் முடிந்து கிடக்கும் சிக்குக் கோலத்தைப் பார்த்து, புள்ளிக் கணக்கு பிடிபட்டுவிட்டதாக நினைப்பதைப் போன்றது அது. மாவைக் கையில் எடுத்தால் மூன்றாவது வளைவில் நின்றுவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே உரைநடைப் பகுதியை ஒரு கூட்டம் மாணவர்கள் நான்கு முறை படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதத்துக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் தங்கியது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம் சீனியரின் அனுபவ ஞானம் மொத்தமும். கவனியுங்கள், அவர்களிடம் கொடுத்தது கணக்கு இல்லை, வாசிக்கும் பகுதி. ‘தியரி பேப்பர் மட்டுமாவது மனப்பாடம்’ என்று ஒதுங்க நினைப்பவருக்கும் அங்கே இடமில்லை. மேலாண்மைக் கோட்பாடுகளில் ஃபயோலின் 14 கொள்கைகளை ஹைலைட்டரால் மஞ்சளாக்குகிற நேரத்தில், வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் தெருமுனை மளிகைக் கடையிலிருந்து ஓர் உதாரணம் தேடலாம்.

மீண்டும் கணக்குக்கு வருகிறேன், விஷயம் அங்கேதான் கிடக்கிறது. டேலி ஆகாத ட்ரயல் பேலன்ஸ் கையில் இருக்கும்போது மாணவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் விடைப் பக்கத்தைப் புரட்டுகிறார். இல்லையென்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுத் தூங்கப் போகிறார். படிப்பு தொடங்கவேண்டிய இடத்தில் புத்தகம் மூடப்படுகிறது. அந்த வித்தியாசம் பேசும். 1,200 ரூபாய் இடிக்கிறதா, அதில் பாதியான 600-ஐத் தேடுங்கள். எங்கோ ஒரு 600 பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். 900 இடிக்கிறதா, ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. 5,400 என்பதை 4,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்புண்டு. பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது விரல் நுனியில் இருக்கும். டேலி சாஃப்ட்வேர் ஒருபக்கப் பதிவை ஏற்காது என்பதால் இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வண்டிக்கூலியைத் தவறான கணக்கில் போட்டால் அந்த மென்பொருளும் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும்.

செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் கணக்கு கற்றவர்களுக்கு கைடு கிடையாது. பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவர் எடுபிடி வேலையோடு பேரேட்டையும் பார்த்து, எழுதி, திட்டு வாங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார். ஐந்தொகை இடித்தால் காரணம் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டார்கள். அந்த முறையில் கொடுமைகளும் இருந்தன, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்பே தமிழில் கையால் எழுதி எழுதிப் பழகிய ஒரு தொழிலை ‘மக்-அப்’ பாடமாக மாற்றியிருக்கிறோம் என்பதுதான் எரிச்சல்.

மனப்பாடம் செய்பவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு, முதல் செமஸ்டரில் ஃபைனான்சியல் அக்கவுண்டிங் முழுக்க ஆங்கிலத்தில் வந்து இறங்குகிறது. தேய்மானம் என்றால் தெரிந்தவருக்கு டிப்ரிஸியேஷன் என்றதும் கை நடுங்குகிறது. பயத்தில் வரிகளை அப்படியே விழுங்குகிறார். அவருக்கு ‘இம்பார்டன்ட் கொஸ்டின்’ தாளை நீட்டுவது உதவி ஆகாது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்துவிட்டு பி.காம் வந்தவருக்கும் அதுவே நல்ல தொடக்கம். கருத்தை அதில் பிடித்துக்கொண்டு, பதிவை ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். ஜர்னலுக்கு வேண்டிய ஆங்கிலம் மிகச் சொற்பம்.

சி.ஏ. கனவோடு பி.காம் சேர்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். கணக்குத் தாளை விரித்து எழுத வேண்டும்; கொள்குறித் தாள்களில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அங்கே ஜெராக்ஸ் கடைத் தாள் செல்லாது.

ஆசிரியர்களும் இதில் நிரபராதிகள் அல்ல. செமஸ்டர் நெருங்கும்போது ‘இந்த அஞ்சு சம் பார்த்துக்கோங்க’ என்று வகுப்பிலேயே சொல்கிறவர்கள், தேர்ச்சி விகிதம் குறைந்தால் நிர்வாகம் தங்களைக் கேட்கும் என்ற அச்சத்தில் சொல்கிறார்கள். அது புரிகிறது. ஆனால் இன்டர்னல் அவர்கள் கையில்தானே இருக்கிறது? அத்தியாயப் பெயர் போடாமல் கணக்கைக் கொடுக்கலாம். தேய்மானக் கணக்குகள் பத்தை வரிசையாகப் போடுகிற மாணவர், கேள்வியைப் படிக்கும் முன்பே இது தேய்மானம் என்று அறிந்துவிடுகிறார். தேய்மானம், தவணைக் கொள்முதல், கிளைக் கணக்கு மூன்றும் கலந்து வந்தால்தான் எது எது என்று யோசிக்க வேண்டிவரும். டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் போன்ற பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கை யாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தாற்போல் கொடுத்து, ‘இந்தத் தேய்மானம் எந்த முறையில் போட்டது, குறிப்பில் தேடு’ என்று கேட்கலாம். இன்டர்னலில் ஒரு வினா அப்படி இருந்தாலே போதும், ஜெராக்ஸ் கடைக்காரர் அடுத்த செமஸ்டரில் வேறு சரக்கு தேட வேண்டியிருக்கும்.

இப்போது சேரும் மாணவருக்கு அதுவரை காத்திருக்க அவசியம் இல்லை. நாளுக்கு ஒரு கணக்கு, விடையை மூடி வைத்து. மூன்று நாள் கழித்து அதே கணக்கு, மறுபடி வெற்றுத் தாளில். அடுத்த வாரம் வேறு அத்தியாயத்தோடு கலந்து. முதல் இன்டர்னல் வருவதற்குள் ஒரு பத்து ட்ரயல் பேலன்ஸாவது டேலி ஆகாமல் போய், ஒவ்வொன்றின் பிழையையும் விடைப் பக்கம் பார்க்காமல் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தையும் தனி நோட்டில் வைத்து, எங்கே, ஏன் இடித்தது என்று பக்கத்திலேயே இரண்டு வரி தமிழில் எழுதி வைத்தால், செமஸ்டருக்கு முந்தைய வாரத்தில் புரட்ட அந்த நோட்டு போதும்.