ரீஃபண்டில் பங்கு கேட்கும் ஏஜென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூலை பிறந்தால் எங்கள் அடுகோடியில் ஜெராக்ஸ் கடைகளில்கூட 'ஐ.டி.ஆர். ஃபைலிங்' (வருமான வரிக் கணக்குத் தாக்கல்) அட்டை தொங்கும். போன முறை என் மகன் அப்படி ஓர் ஏஜென்டிடம் போனான். கட்டணம் கேட்டதற்கு, "ரீஃபண்ட் வந்ததும் அதில் பத்து சதவீதம் கொடுங்க, போதும்" என்றார். பணமும் வந்தது. பிறகு ரிட்டர்ன் நகலைப் பார்த்தால் வயிறு கலங்கியது. சொந்த வீட்டில் இருக்கும் எங்களுக்கு வீட்டு வாடகைக்கும், கொடுக்காத நன்கொடைக்கும் வரிக்கழிவு! திருத்திய ரிட்டர்ன் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கட்டினோம்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது இப்படிப்பட்ட ஆட்களைத் தேடித்தான். பொய்க் கழிவுக்கு அபராதம், குறைத்துக் காட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். அதைக் கட்ட வேண்டியவர் ஏஜென்ட் அல்ல, பான் கார்டுக்காரர்.

மாதச் சம்பளம் மட்டும் உள்ளவர் அரசு இணையதளத்தில் செலவில்லாமல் தானே தாக்கல் செய்யலாம். பங்கு விற்றவர், தொழில் செய்பவர் நல்ல ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. ஆனால் தொகையை முன்பே பேசி ரசீது வாங்குங்கள். இணையதள பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

தாங்களே தாக்கல் செய்யும் முறையைப் படங்களோடு விளக்கி ஒரு பக்கம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், அடுகோடி, பெங்களூரு