மிச்சக் காசில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாமா?

பையன் பிளஸ்-டூ தேறிவிட்டான். "படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்" என்றான்.

தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். தகப்பனார் போனஸ் பணத்தை அதோடு சேர்த்தார். அப்பாவும் மகனும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார்கள்.

பிராசசர் வாங்கினார்கள். மதர்போர்டு வாங்கினார்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்கினார்கள். கார்டுக்கே பாதிப் பணம் போய்விட்டது. பல வண்ண விளக்குகள் எரியும் கேபினட்டைப் பார்த்ததும் மகனுக்கு ஆசை. அதையும் வாங்கினார்கள்.

கடைசியில் பையில் மிஞ்சியது சொற்பப் பணம். அப்போதுதான் கடைக்காரர் கேட்டார்:

"எஸ்.எம்.பி.எஸ். எது போடட்டும், சார்?"

அப்பா மகனைப் பார்த்தார். மகன் அப்பாவின் பணப்பையைப் பார்த்தான்.

"உள்ளே கிடக்கப் போகிற பெட்டிதானே? விலை குறைந்ததாகப் போடுங்கள்" என்றார் அப்பா.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் இது தவறு. கடைசியாக வாங்கும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் யோசித்து வாங்க வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

வீட்டுச் சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் மின்சாரம். அது விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறி ஓடுவது. கம்ப்யூட்டரின் பாகங்கள் அதைத் தாங்காது. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சின்ன அளவில், ஒரே திசையில், ஆடாமல் அசையாமல் மின்சாரம் வர வேண்டும்.

பெரிய மின்சாரத்தைச் சின்ன மின்சாரமாக மாற்றிப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் எஸ்.எம்.பி.எஸ். இதைப் பவர் சப்ளை என்றும் சொல்வார்கள்.

வீட்டில் ஒரே ஓர் அடுப்பு. பத்துப் பேருக்கும் அதில்தான் சமையல். அடுப்பு சரியில்லை என்றால் எந்த இலைக்கும் சோறு சரியாக வராது. கம்ப்யூட்டரில் அந்த அடுப்புதான் இந்தப் பெட்டி. பிராசசர், கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

நல்ல பெட்டி கெட்டுப்போனால், தானே அணைந்து ஒதுங்கிக்கொள்ளும். மட்டமான பெட்டி கெட்டுப்போகும்போது, சில சமயம் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கார்டு போனால் பணம் போனது. ஹார்ட் டிஸ்க் போனால் அக்காவின் கல்யாணப் படங்களும் போயின. பணத்தைத் திரும்பச் சேர்க்கலாம். படங்களை எங்கே தேடுவது?

"பத்து வருஷமாக ஓடுகிறதே!"

"எங்கள் ஆபீசில் மலிவுப் பெட்டிதான் பத்து வருஷமாக ஓடுகிறது" என்று சிலர் சொல்வது உண்டு. அதுவும் உண்மைதான்.

ஆனால் கணக்கு எழுதும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அது சாதாரணமாக 100 வாட்டுக்குள் வேலையை முடித்துவிடும். விளையாட்டுக் கம்ப்யூட்டரோ மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடுகிறது. தள்ளுவண்டியில் ஓடிய சக்கரத்தை லாரிக்கு மாட்டலாமா?

எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "450" என்று போட்டிருக்கும். வாங்குபவர் அதை 450 வாட் என்று நினைத்துக்கொள்வார்.

அது உண்மையா என்று பார்க்க ஒரு சின்னப் பெருக்கல் கணக்குப் போதும். பெட்டியின் பக்கத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். பிராசசரும் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் சாப்பிடுகின்றன.

அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12 தடவை 16. மொத்தம் 192 வாட். மேலே 450, உள்ளே 192! அங்கே 45 ஆம்பியர் என்று இருந்தால் 540 வாட். இது 550 வாட் என்று சொல்லி விற்கப்படும் பெட்டிக்கு நியாயமான கணக்கு.

இந்தக் கணக்கைக் கடையில் நின்றுகொண்டே போடலாம். போட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. தங்கம் வாங்கும்போது எடை பார்ப்பதில்லையா?

எத்தனை வாட் தேவை?

ஏமாற்றம் இன்னொரு பக்கத்திலும் உண்டு. "1000 வாட் போட்டால்தான் நல்லது" என்று பயமுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பல வீடுகளில் வாங்கும் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு இழுப்பது 115 வாட். இன்டெல் ஐ-5 12400-எப் பிராசசர் அதிக பட்சம் 117 வாட். இரண்டும் சேர்ந்து 232 வாட். மற்றப் பாகங்களையும் விசிறிகளையும் கூட்டினால் சுமார் 300 வாட். இந்தக் கார்டுக்குக் கம்பெனியே சொல்லும் அளவு 550 வாட் பெட்டி. அதற்கு 1000 வாட் பெட்டி வாங்குவது, நாலு பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போலத்தான்.

2025-ம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டின் கதை வேறு. அது ஒன்றே 575 வாட் இழுக்கும். அதற்கு 1000 வாட் பெட்டி வேண்டும் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் அது பெரும் பணக்காரக் கார்டு.

கூட்டிப் பார்த்த வாட்டுக்கு மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். ஏன் என்றால் கார்டு சில சமயம் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, திடீரென்று மிக அதிகமாக இழுக்கும். இதனால்தான் 2022-ம் ஆண்டில் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற விதி, பெரிய கார்டுகளுக்கான பெட்டிகள் தம் அளவைப் போல இரண்டு மடங்கு இழுப்பை, ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று சொல்கிறது.

தங்கப் பட்டம் போதுமா?

பெட்டிகளின் மேல் "80 பிளஸ்" என்ற முத்திரை இருக்கும். பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று பட்டங்களும் உண்டு. கோல்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான். சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதுதான் அது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், பிரான்ஸ் 85 சதவீதம். கோல்டு 90 சதவீதம். ஆபத்து வந்தால் பெட்டி அணையுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது.

இதற்குச் சாட்சி 2021-ம் ஆண்டில் நடந்தது. அப்போது உலகம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனம், கார்டோடு வேறு சாமானும் சேர்த்து எடுத்தால்தான் கார்டு என்ற முறையில் விற்றது. அப்படித் தலையில் கட்டப்பட்டவற்றில் ஜிகாபைட் கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளும் உண்டு. கோல்டு முத்திரை பெற்ற பெட்டிகள்தாம். சோதித்துப் பார்த்தவர்களின் மேஜையில் அவற்றில் சில படாரென்று வெடித்தன. 2021 ஆகஸ்டில், குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட 750 வாட், 850 வாட் பெட்டிகளை மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அளவுக்கு மீறிய சுமையில் பெட்டி அணையும் எல்லையையும் குறைத்தது.

தங்கப் பட்டம் இருந்தும் வெடித்தது! இதை மறக்கக் கூடாது.

மின்சாரக் கட்டணம் மிச்சமாகும் என்பதும் பெரிய பேச்சு அல்ல. தினம் 4 மணி நேரம், 400 வாட் சுமையில் விளையாடினால், பிரான்சுக்கும் கோல்டுக்கும் வித்தியாசம் வருஷத்துக்குச் சுமார் 38 யூனிட்தான். அதற்காக மட்டும் ஆயிரக்கணக்கில் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு எதைப் பார்ப்பது?

முதலில் உத்தரவாதக் காலம். தன் சரக்கில் நம்பிக்கை உள்ள கம்பெனி 5 வருஷம், 7 வருஷம், 10 வருஷம் என்று எழுதிக் கொடுக்கிறது. ஒரு வருஷத்தோடு கை கழுவும் பெட்டி விலையுயர்ந்த கார்டுக்குத் துணையாகாது.

இரண்டாவது, பாதுகாப்பு. மின் அழுத்தம் கூடினாலும், சுமை கூடினாலும், சூடு கூடினாலும், ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் தானே அணையுமா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, அதே மாடலைக் கருவி வைத்துச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கம்பெனியின் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியில் நல்ல மாடலும் உண்டு. சுமாரான மாடலும் உண்டு. இந்த வேலையை மகனிடம் விடலாம். விளையாட்டைப் பற்றி நூறு வீடியோ பார்க்கும் பிள்ளை, இதற்காக இரண்டு பார்க்கக் கூடாதா?

கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டி வேண்டாம். யாரோ கழற்றி விற்ற பழைய பெட்டியும் வேண்டாம்.

வீட்டிலும் கவனம் தேவை

நல்ல பெட்டி வாங்கினாலும், சுவரில் எர்த் சரியாக இல்லையானால் பயன் குறைவு. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று முனை பிளக்கில் ஒரு முனையை ஒடித்துவிட்டுச் செருகுவது வீட்டுக்கே ஆபத்து.

கரண்டு அடிக்கடி போகும் ஊரில் யூ.பி.எஸ். வேண்டும். இந்தக் காலத்துப் பெட்டிகள் சில, மட்டமான அலை தரும் யூ.பி.எஸ்., இன்வெர்ட்டரில் மாறும்போது அணைந்துவிடும். சைன் வேவ் தருவதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பழைய பெட்டியின் கேபிளைப் புதுப் பெட்டியில் செருகக் கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். பாகங்கள் பொசுங்கிவிடும்.

கார்டுக்குப் போகும் இணைப்பைக் கடைசி வரை அழுத்திச் செருக வேண்டும். 2022-ம் ஆண்டில் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில் இணைப்புகள் உருகின. முழுதும் செருகாததே அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக் கூடும். அது உயிரைக் குடிக்கும்.

பணம் போதாவிட்டால்?

எல்லாரிடமும் பணம் பெருகிக் கிடக்கவில்லை. சீட்டுப் பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. அப்போது என்ன செய்வது?

கார்டில் ஒரு படி இறங்கலாம். விளக்கு எரியும் கேபினட்டுக்குப் பதில் சாதாரணக் கேபினட் எடுக்கலாம். விளையாட்டில் படம் கொஞ்சம் மங்கினால் குடி முழுகிப் போகாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் படி இறங்கக் கூடாது.

இன்னும் ஒரு லாபம் உண்டு. மூன்று நான்கு வருஷத்தில் கார்டு பழசாகிவிடும். மகன் புதிது கேட்பான். நல்ல பெட்டியோ அப்படியே இருக்கும். அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதுவே உழைக்கும்.

எனவே ரிச்சி தெருவுக்குப் போகும் அப்பா, கடைக்காரர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கார்டின் பெயரையும் பிராசசரின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி நீட்டட்டும். நீட்டிவிட்டு முதல் கேள்வியாக இதைக் கேட்கட்டும்:

"இதற்கு ஏற்ற நல்ல எஸ்.எம்.பி.எஸ். எது? முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்!"